நம்பி வாங்கலாம்

காலையில் எழுந்து பல் துலக்கினேன். பாலைக் காய்ச்சினேன். ஃபிரிட்ஜ் கதவில் நான்கு முட்டைகள் இருக்கின்றன. நிரஞ்சனா வைத்தவை. பெட்டி இல்லாமல் வந்தவை. அவற்றை நான் தொடுவதில்லை. காபி குடித்தேன். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தேன். சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்கு நடந்தேன்.

வடவள்ளியில் எங்கள் தெருமுனையிலேயே கடை. முட்டை அடுக்கு கடைசி வரிசையில், தயிருக்குப் பக்கத்தில். ஒரு பெட்டியைக் கையில் எடுத்தேன். எடுத்ததும் அது பேசும்.

“சாந்தாமணி பண்ணை, செங்காட்டூர். இந்த வாரம் கோழிங்க எல்லாம் நல்லா இருக்கு. கூண்டு இல்லை. மண்ணுல புரளுது. தீவனத்துல மருந்து இல்லை. நம்பி வாங்கலாம்.”

நிரஞ்சனாவின் குரல். பெட்டியை வைத்தேன். இன்னொன்றை எடுத்தேன். அதுவும் அதையே சொன்னது. அதையும் வைத்துவிட்டு முதல் பெட்டியை எடுத்துக்கொண்டேன்.

நிரஞ்சனா இறந்து எட்டு மாதம் ஆகப் போகிறது.

“என்னண்ணா, இன்னிக்கும் முட்டையா?” என்றாள் பெனிட்டா. அவள்தான் அங்கே காசு வாங்குபவள். “நேத்தும் வாங்கினீங்க, முந்தாநேத்தும் வாங்கினீங்க. வீட்டுல அடை வெச்சிருக்கீங்களா?”

“தீர்ந்து போச்சு.”

“பொய்யி. தனியாளுக்கு எப்படித் தீரும்? ஆனா ஒண்ணுண்ணா, இந்தம்மா கொரலு எனக்கும் பிடிக்கும். எங்க மாமியாரு இவங்க சொன்ன பொட்டிதான் வேணும்னு ஒத்தக் கால்ல நிக்கும்.”

அது என் மனைவி என்று அவளுக்குத் தெரியாது. நான் சொன்னதில்லை. பெட்டியை வாங்கிக்கொண்டு வந்து கீழ்வீட்டுக்காரர்களிடம் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனேன்.

தினமும் இப்படித்தான்.

நிரஞ்சனா கால்நடை மருத்துவர். மெய்க்குரல் என்ற நிறுவனத்தில் வேலை பார்த்தாள். கால்நடைத் தீவனத்தில் மருந்தைக் கலந்து கலந்து, கடைசியில் சாதாரணப் புண்ணுக்கே மருந்து பலிக்காமல் ஊர் ஊராக ஆட்கள் செத்த வருடம் எல்லோருக்கும் நினைவிருக்கும். அதற்குப் பிறகு வந்த சட்டம்தான் இந்தப் பேசும் பெட்டி. உணவு விளைந்த இடத்தைப் போய்ப் பார்த்தவர், பார்த்ததைத் தன் குரலிலேயே சொல்ல வேண்டும். அச்சடித்த முத்திரைகளை அப்போது யாரும் நம்பவில்லை. குரலை நம்பினார்கள்.

அவளும் ஒரு கீறலில்தான் போனாள். ஏதோ ஒரு பண்ணையில் கோழியின் பாதத்தைப் பார்க்கக் கூண்டுக்குள் கை விட்டிருக்கிறாள். கம்பி மணிக்கட்டில் கீறிவிட்டது. நான் அப்போது கொச்சியில் ஒரு பாலத்தின் மேல் இருந்தேன். வந்து சேர்ந்தபோது அவள் தொண்டையில் குழாய் இருந்தது. டாக்டர்கள் ஒவ்வொரு மருந்தாக ஏற்றினார்கள். அந்தக் கிருமிக்கு எல்லா மருந்தும் பழக்கப்பட்டிருந்தது. அந்த மருந்துகளையெல்லாம் அவளுக்கு முன்பே கோழிகள் தின்றிருந்தன.

அன்று மாலை லோகேஷ்வர் வந்தார். நிரஞ்சனாவின் மேலதிகாரி. அவள் இறந்த அன்று மருத்துவமனை வராந்தாவில் என்னைவிட அதிகமாக அழுதவர். கையில் ஒரு வலைப்பையில் ஆரஞ்சு கொண்டுவந்திருந்தார். அதை மேஜைமேல் வைத்தார். பை பேசியது.

“இந்த வாரம் தோட்டம் நல்லா இருக்கு. நம்பி வாங்கலாம்.”

“ஐயோ, சாரி, சாரி.” பையில் ஒட்டியிருந்த பேசும் வில்லையைத் தடவி அணைத்தார். “மறந்தே போயிட்டேன். மன்னிச்சுக்குங்க பிரணவ்.”

“பரவாயில்லை.”

அவள் ஆரஞ்சுத் தோட்டத்துக்கு எப்போது போனாள் என்று நான் கேட்கவில்லை.

“ஆபீஸ் போறீங்களா?”

“போறேன்.”

“சாப்பாடு?”

“ஆகுது.”

அவர் சற்று நேரம் மின்விசிறியைப் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து இன்னொரு வில்லையை எடுத்து என் முன்னால் வைத்தார். சட்டைப் பொத்தான் அளவுதான் இருந்தது.

“ஒரு சம்மதம் வேணும். ‘ஆமா’ன்னு இதுல ஒரு வார்த்தை பேசினாப் போதும். ஒப்பந்தப்படி எட்டு மாசம்தான் நாங்க நிரஞ்சனா குரலைப் பயன்படுத்தலாம். அது இந்த வாரத்தோட முடியுது. அதுக்கப்புறம் நீங்க சொன்னாத்தான்.”

“சொல்லலைன்னா?”

“திங்கட்கிழமை காலையில எல்லாக் கடையிலயும் நின்னுடும்.”

நான் வில்லையை விரலால் நகர்த்தினேன்.

“நான் வியாபாரத்துக்காக மட்டும் கேக்கலை பிரணவ். ஜனங்களுக்கு மெய்க்குரல்னாலே அவங்கதான். மத்த டாக்டருங்களும் பேசிப் பார்த்தாங்க, எடுபடலை. ‘கோழிக்குக் கால்ல புண்ணு இருக்கு’ன்னு சொல்லியே முட்டை வித்த ஒரே ஆள் உங்க வீட்டம்மாதான். எத்தனை சண்டை போட்டிருக்கேன் தெரியுமா? ‘குறையைச் சொன்னா எவன்மா வாங்குவான்’னு கேட்டா, ‘குறையைச் சொல்லலைன்னா எவன் சார் நம்புவான்’னு கேப்பாங்க.”

அது அவள்தான். எனக்கு அவள் பேசுவது கேட்டது.

“ஆனா இனிமே யார் போய்ப் பார்ப்பாங்க?”

“எல்லாப் பண்ணையிலயும் சென்சார் வெச்சாச்சு. காத்து, சூடு, தண்ணி, தீவனம், நாலையும் அளக்குது. உங்க தொழிலே அதுதானே, உங்களுக்குத் தெரியாததா? நம்பருங்க பொய் சொல்லாது.”

பாலங்களில் சென்சார் பொருத்துவது என் வேலை. பாலம் எவ்வளவு நடுங்குகிறது என்று அது சொல்லும். கேட்டதைச் சொல்லும், கேட்காததைச் சொல்லாது. “உன் பாலத்துக்கு எங்க வலிக்குதுன்னு என்னிக்காவது கேட்டிருக்கியா?” என்று நிரஞ்சனா கேலி செய்வாள்.

ஆமாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சொல்லியிருந்தால் தினமும் காலையில் அவள் பேசியிருப்பாள். நான் கிழவனாகும் வரை.

“பண்ணையைப் பார்த்துட்டுச் சொல்றேன்,” என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. பார்க்காத எதைப் பற்றியும் அவள் பேசியதில்லை. அதுவாக இருக்கலாம்.

“எந்தப் பண்ணை?”

“செங்காட்டூர்.”

“கார் அனுப்பறேன்.”

“வேண்டாம். பஸ்ல போறேன்.”

அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து போனது. “அவங்களும் இப்படித்தான். கம்பெனி கார் சும்மாவே நிக்கும். ‘கார்ல போனா கோழியைப் பார்க்கறதுக்கு முன்னாடி முதலாளி வந்து நின்னுடறாரு சார்’னுவாங்க.” எழுந்தார். வில்லையை மேஜையிலேயே விட்டுவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை ராசிபுரத்தில் இறங்கி டவுன் பஸ் மாறினேன். செங்காட்டூர் நிறுத்தத்தில் நான் மட்டும்தான் இறங்கினேன். சாலையின் இடது பக்கம் ஓடு போட்ட மூன்று கொட்டகைகள், சுற்றிலும் கம்பி வேலி. வலது பக்கம் தகரக் கூரைகள், கண்ணுக்கு எட்டிய தூரம் வரை. அந்தப் பக்கமிருந்து கண்ணை எரிக்கும் ஒரு நெடி வந்தது. இடது பக்கம் திரும்பினேன்.

“ஆரது? யேவாரமா? யேவாரம்னா போன்ல பேசோணும். சுண்ணாம்ப மிதிக்காம ஒரு அடி உள்ள வெக்காதீங்க.”

கிருமி உள்ளே வராமல் இருக்க வாசலில் பரப்பியிருந்த சுண்ணாம்பை மிதித்தேன். சாந்தாமணி ஐம்பதைத் தாண்டியவர். ஆண்கள் போடும் முழுக்கைச் சட்டையைப் புடவைக்கு மேல் போட்டிருந்தார்.

“நிரஞ்சனா டாக்டரோட வீட்டுக்காரருங்க.”

அவர் கையைச் சட்டையில் துடைத்தார். துடைத்த கையை மறுபடியும் துடைத்தார்.

“பஸ்லயா வந்தீங்க?”

“ஆமாங்க.”

“அதான பாத்தேன்,” என்றார். உள்ளே போய் ஒரு சொம்பு மோர் கொண்டுவந்தார். நான் குடித்து முடித்தேன். பிறகு கொட்டகைக்குள் அழைத்துப் போனார்.

எனக்குக் கோழிப் பண்ணை என்றால் நாற்றம் என்றுதான் எண்ணம். இங்கே காய்ந்த உமியின் வாசனைதான் இருந்தது. கூண்டு இல்லை. பக்கவாட்டுச் சுவர் இடுப்பளவு, மேலே வலை. காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போனது. கோழிகள் என்னைக் கண்டு ஒதுங்கின. சில வெளியே மண்ணில் குழி பறித்து, சிறகை விரித்து, கண்ணை மூடிக்கொண்டு கிடந்தன. அவ்வளவு நிம்மதியாக ஓர் உயிர் கிடப்பதை நான் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது.

சாந்தாமணி ஒரு தீவன வாளியைக் கவிழ்த்துப் போட்டார். “ஒக்காருங்க. டாக்டரம்மா இதுலதான் ஒக்காருவாங்க.”

உட்கார்ந்தேன்.

“மொதல்ல எனக்கு அவங்கள ஆகவே ஆகாதுங்க தம்பி. வந்தாங்க, வாளியக் கவுத்தாங்க, ஒக்காந்துட்டாங்க. பேசவே இல்ல. நான் தீவனம் அப்படி, தண்ணி இப்படின்னு அளந்து உடறேன். ஒண்ணும் காதுல வாங்கல. ‘கோழிங்க நம்மள மறக்கணும்க்கா, அப்பத்தான் அதுங்க அதுங்களா இருக்கும்’ங்கறாங்க. எனக்குன்னா கெட்ட கோவம். இதென்ன சினிமாக் கொட்டாயா, வந்து ஒக்காந்து பாக்கறதுக்கு?”

“அப்புறம்?”

“அப்பறம் எந்திரிச்சு ஒரே ஒரு கேள்வி. ‘உங்க வீட்டுல சாப்பிடற முட்டை எதுங்க்கா?’” சாந்தாமணி தலையில் தட்டிக்கொண்டார். “அன்னிக்கு இங்க பூராவும் கூண்டு. ஒரு கூண்டுக்குள்ள அஞ்சாறு கோழி, றெக்கைய விரிக்க எடமில்ல. நெருக்கிப் போட்டா சீக்கு வரும். சீக்கு வராம இருக்கத் தீவனத்துலயே மருந்து. அதக் கலக்கறது நாந்தான். என்ற புள்ளைங்களுக்கு அந்த முட்டையக் குடுப்பனா? பொறவால நாலு நாட்டுக்கோழி தனியா வளத்துனேன். வூட்டுக்கு அதுதான்.”

“பொய் சொல்லியிருக்கலாமே.”

“வாய் வரைக்கும் வந்துதுங்க. ஆனா அவங்க அந்த நாட்டுக்கோழிக்குத் தண்ணி ஊத்திக்கிட்டே கேக்கறாங்க.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அவரும் சிரித்தார்.

“‘அப்ப இன்னிக்கு நான் சொல்றதுக்கு ஒண்ணுமில்லைங்க்கா’ன்னுபோட்டு பஸ் ஏறிட்டாங்க. அடுத்த மாசம் வந்தாங்க. அதே வாளி. அதே கேள்வி. எத்தனை மாசம்! ஒருநாளு எனக்கே வெக்கமாப் போச்சு. மருந்த நிறுத்துனேன். மொத வருசம் பாதிக் கோழி போச்சு. அவங்க கூட நின்னாங்க. எடம் உடுங்க, எண்ணிக்கையக் கொறைங்க, சுவத்த எறக்குங்கன்னு ஒவ்வொண்ணாச் சொல்லுவாங்க. எனக்கு மட்டுமா சொல்லுவாங்க? பொட்டியிலயும் சொல்லுவாங்க! ‘இங்க இன்னும் ஒரு கொட்டகையில கூண்டு இருக்கு’ன்னு கோயமுத்தூரே கேக்கறாப்ல. போன் போட்டு நான் கத்தாத கத்தா? ஆனா பாருங்க, முட்டை வித்துது. சின்ன முட்டை, வெலையும் ஜாஸ்தி, இருந்தும் வித்துது.”

ஒரு கோழி என் செருப்பருகே வந்து நின்றது. நான் அசையவில்லை.

“ஆனா அத்தனை நாளும் ஒத்த முட்டை என்றகிட்ட வாங்குனதில்ல. காசுக்குக் கூட. நீட்டுவேன். ‘எங்க வீட்டுக்கு வேணும்னு தோணுற அன்னிக்கு நானே கேப்பேன்க்கா’ன்னுவாங்க.” மேலே ஏதோ சொல்ல வந்தவர் நிறுத்திக்கொண்டார்.

இத்தனை மாதம் நானிருந்த வீட்டில் அவள் இல்லை. இந்த வாளியின் மேல் இருந்தாள். எனக்கு ஏதாவது சொல்ல வேண்டும் போல இருந்தது.

“நானும் தினமும் கேக்கறேன்,” என்றேன். “கடையில. உங்க பெட்டியை எடுத்து. நல்லாப் பேசறா.”

சாந்தாமணி என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

“தம்பி, இப்பப் பேசறது டாக்டரம்மா இல்லீங்களே.”

நான் அவரையே பார்த்தேன்.

“அது வாராவாரம் புதுசாப் பேசுதுங்க. போனவங்க எப்படிப் பேசுவாங்க? அவங்க கொரல வெச்சு மிசினு பேசுது. போன மாசம் என்ற கோழிக்குச் சளி புடிச்சு எரநூறு செத்துச்சு. அந்த வாரமும் பொட்டி, ‘எல்லாம் நல்லா இருக்கு, நம்பி வாங்கலாம்’ங்குது. ஒரு ஆளு வந்து பாக்கல. கம்பத்துல ஒரு சென்சார மாட்டிட்டுப் போனதோட சரி. அதுக்குக் காத்தும் சூடும் தெரியும். கோழி செத்தாத் தெரியுமா?”

“நீங்க யார்கிட்டயும் சொல்லலையா?”

“என்னன்னு சொல்றது? நல்லாருக்குன்னுதான சொல்லுது. விக்குது. கேக்காம இருந்துபோட்டேன்.”

அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. ‘இந்த வாரம்’ என்று அந்தக் குரல் சொல்வதை எட்டு மாதமாகக் கேட்டவன் நான். கணக்குத் தெரிந்தவன். கணக்குப் போடவில்லை. அவள் முன்பே பேசி வைத்ததாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். குரல் நன்றாக இருந்தது. எங்கிருந்து வருகிறது என்று கேட்காமல் வாங்கினேன்.

“நம்மளது கூடப் பரவால்ல,” என்றார் சாந்தாமணி. சாலைக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினார். தகரக் கூரைகள். “டாக்டரம்மா கையக் கீறிக்கிட்டது அங்கதானுங்க. என்ற கொட்டகையப் பாத்துட்டு நேரா அங்க போனாங்க. சோதனைக்கு மாதிரி எடுக்க ஆள் வர்ற வாரம் மட்டும் அந்தப் பண்ணைக்காரங்க மருந்த நிறுத்திப்போடுவாங்க. டாக்டரம்மா அந்தப் பண்ணைக்கு ஒரு நாளும் ஒரு வார்த்தை குடுத்ததில்ல.” குரலைத் தாழ்த்தினார். “இப்ப அந்தப் பொட்டியும் பேசுது தம்பி. அதே கொரலு.”

நான் எழுந்து வேலியோரம் போய் லோகேஷ்வரை அழைத்தேன்.

“அந்தக் குரல் அவளோடது இல்லையா?”

“உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன் பிரணவ். ஒப்பந்தத்துலயே இருக்கு.”

“ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கற பண்ணைக்கு என்ன சொல்லுது?”

“அங்க நம்பர் எல்லாம் வரம்புக்குள்ளதான் இருக்கு.”

“என்ன சொல்லுது?”

“நம்பி வாங்கலாம்னு.”

“அவளைக் கொன்ன கீறல் அங்க பட்டது.”

“தெரியும். எனக்குத் தெரியாதுன்னா நெனைக்கறீங்க? எத்தனை பண்ணை, எத்தனை டாக்டர் இருக்காங்க சொல்லுங்க. உக்காந்து கோழியையே பார்த்துக்கிட்டிருந்தா ஒரு நாளைக்கு ஒரு பண்ணைதான் ஆகும். அவங்க அப்படித்தான் செஞ்சாங்க. அவங்க குரல் இருந்தா ஊர் பூரா பேசலாம்.”

“அவ பார்த்ததைத்தான் பேசினா.”

“அப்ப என்னங்க பண்ணச் சொல்றீங்க?”

“ஆளை அனுப்புங்க.”

“பஸ்லயா?”

“பஸ்ல.”

அவர் சிரிக்க முயன்றது கேட்டது. முடியவில்லை.

“என் பதில் இல்லைங்கறதுதான்,” என்றேன். அந்தச் சொல் எளிதாகத்தான் வந்தது. வந்த பிறகுதான் நாளைக் காலை கடைக்குப் போய் என்ன செய்வேன் என்று தோன்றியது.

திரும்பிப் பார்த்தேன். சாந்தாமணி பின்னாலேயே நின்றிருந்தார். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார்.

“செஞ்சது நாயந்தானுங்க,” என்றார். “நான் ஒண்ணும் சொல்லல. ஆனா என்ற முட்டை சின்னது. வெலையும் ஜாஸ்தி. பேசாத பொட்டிய ஆரு எடுப்பா? பக்கத்துல அந்தப் பண்ணை முட்டை பாதி வெலைக்கு, பளபளன்னு பெருசா இருக்கும். அதுவும் பேசாது, இதுவும் பேசாது. சனங்க எதை எடுப்பாங்க?” அவர் கண் கொட்டகைப் பக்கம் போனது. “பழையபடி கூண்டு போட வேண்டியதுதான். மருந்துக்காரன் இன்னும் மாசாமாசம் போன் பண்ணிட்டுதான் இருக்கான்.”

அவள் இத்தனை மாதம் பஸ் ஏறி வந்தது இதற்குத்தானா? நான் மறுபடியும் லோகேஷ்வரை அழைத்து ஸ்பீக்கரில் போட்டேன்.

“சாந்தாமணி பண்ணைக்கு ஒண்ணுமே மிஞ்சாதா?”

“கொட்டகை வாசல்ல ஒரு வில்லை இருக்கும். டாக்டர் பேசறது மொதல்ல அதுலதான் பதிவாகும். அதை வெட்டிச் சுத்தம் பண்ணித்தான் நாங்க கடைக்கு அனுப்புவோம். வாசல்ல இருக்கறது பண்ணையோட சொத்து. அடுத்த டாக்டர் வந்து பேசினா பழசு அழிஞ்சுடும். அது வரைக்கும் அவங்க அதைப் பெட்டியில போட்டுக்கலாம். அதுக்கு உங்க சம்மதம் கூட வேணாம்.”

“அடுத்த டாக்டர் வந்தாரா?”

போனில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

“வரலை,” என்றார். “ஆனா அதை எவன் கேப்பான் பிரணவ்? வெட்டாதது. பாதி நேரம் வெறும் கோழிச் சத்தமா இருக்கும்.”

சாந்தாமணி ஏற்கெனவே வாசலுக்குப் போயிருந்தார். நிலைக்கதவின் மேல், ஒட்டடைக்கு நடுவே, பொத்தான் அளவில் ஒன்று ஒட்டியிருந்தது. முந்தானையால் துடைத்தார்.

“இத நான் தொட்டதே இல்லீங்க. அழிஞ்சுபோட்டா?”

“அழியாது. அமுக்குங்க.”

“நல்லதா சொல்லியிருப்பாங்களா? என்னத்தையாச்சும் கொறை சொல்லித்தான் வெச்சிருப்பாங்க, எனக்குத் தெரியும்.”

“சொல்லியிருந்தா?”

அவர் யோசித்தார். “சொல்லியிருந்தா அப்படியே போடோணும். வெட்டக் கூடாது,” என்றார். அமுக்கினார். நான் வாளியின் மேல் உட்கார்ந்துகொண்டேன்.

முதலில் வாளியை இழுக்கும் சத்தம். பிறகு கோழிகள். வெறும் கோழிகள். அவள் ஒருமுறை மூக்கை உறிஞ்சினாள். புடவை சரசரத்தது. மறுபடி கோழிகள். கொட்டகையில் இருந்த கோழிகளும் வில்லையில் இருந்த கோழிகளும் சேர்ந்து கொக்கரித்தன. எவை எப்போதையவை என்று பிரிக்க முடியவில்லை. அவள் எதையும் செய்யாமல் உட்கார்ந்திருந்ததைத்தான் நான் கேட்டுக்கொண்டிருந்தேன். எட்டு மாதத்தில் அவ்வளவு அருகில் அவள் வந்ததில்லை. இந்த முட்டையை வாங்குகிறவர்கள் யாரென்று அவளுக்குத் தெரியாது. அவர்களுக்காக இவ்வளவு பொறுமையாக ஒருத்தி உட்கார்ந்திருந்தாள்.

பிறகு பேசினாள்.

“செங்காட்டூர், சாந்தாமணி அக்கா பண்ணை. கடைசிக் கூண்டையும் எடுத்துட்டாங்க. கால் எல்லாம் பார்த்தேன், புண் இல்லை. ரெண்டாவது கொட்டகையில உமி ஈரமா இருக்கு. மாத்தலைன்னா சளி வரும். சொல்லிட்டேன், மாத்தறேன்னாங்க. ஒரு கோழி என் செருப்பைக் கொத்திக்கிட்டே இருக்கு, பயம் விட்டுப்போச்சு அதுக்கு. நான் சொல்றேன்னு நம்பிடாதீங்க. ராசிபுரத்துல இருந்து டவுன் பஸ் இருக்கு. வந்து பாருங்க.”

“உமிய அன்னிக்கே மாத்துனேன்,” என்றார் சாந்தாமணி, வில்லையைப் பார்த்து. “மறுபடி நனைஞ்சப்பதான் உட்டுட்டேன். சொல்றதுக்கு ஆளில்ல.” மூக்கைத் துடைத்துக்கொண்டார். “இந்த பஸ்ஸு சமாச்சாரத்த கம்பெனிக்காரன் எப்பவும் வெட்டிப்போடுவான்.”

மிஷின் ஒருமுறையும் ‘வந்து பாருங்க’ என்று சொன்னதில்லை. இப்போதுதான் அது எனக்கு உறைத்தது.

முடிந்தது என்று நினைத்து எழுந்தேன். வில்லை நிற்கவில்லை. அணைக்க மறந்திருக்கிறாள். வாளியை நிமிர்த்தி வைக்கும் சத்தம். செருப்புச் சத்தம், தூரப் போவது. ஏதோ ஒரு கதவு. அங்கிருந்து அவள் குரல், பெட்டிக்காகப் பேசுகிற குரல் இல்லை, வீட்டில் பேசுகிற குரல்:

“அக்கா, எனக்கு ஒரு பத்து முட்டை குடுங்க. பெட்டி வேண்டாம், பேப்பர்ல சுத்திக் குடுங்க. எங்க வீட்டுக்கு.”